இலை காணும் வேளை

யான் எட்டாம் வகுப்பிற் பயின்றபோது, ஓர் ஐப்பசித் திங்களில், 'இலையுதிர் காலம்' என்னும் பொருள்பற்றிப் பள்ளியிற் கட்டுரைப் போட்டி ஒன்று நடைபெற்றது. சாளரத்துக்கு வெளியே அடைமழை பெய்துகொண்டிருந்தது. கூடலூர் முதல் சின்னமனூர் வரை கம்பம் பள்ளத்தாக்கு முழுதும் பச்சைப் பட்டு விரித்தாற்போலக் கிடந்தது. யானோ அச்சாளரத்தின் பக்கம் ஒருமுறையேனும் திரும்பாமல், மேப்பிள் மரத்து இலைகள் பொன்னிறமாகவும் செந்நிறமாகவும் உதிர்ந்து தெருவெல்லாம் மூடின என்றும், அவற்றின்மேல் நடக்கையில் எழுந்த ஒலி என் உள்ளத்தை உருக்கிற்று என்றும் இரண்டு பக்கம் எழுதி முதற்பரிசும் பெற்றேன். மேப்பிள் மரத்தை யான் அன்று கண்டதில்லை, இன்றுவரையும் கண்டதில்லை.

பரிசுப் புத்தகத்தோடு வீடு சேர்ந்து, கட்டுரையை என் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டு முடித்தபின், "ஏப்பா, ஐப்பசியில எந்த மரம் எல உதுக்குது? மாசி பொறக்க வேணாமா?" என்றார். யான் விடை கூறாது புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த வினா ஆறாண்டுகளாக என்னோடு வருகின்றது. அதற்குரிய விடையை நம் கல்லூரி இதழில் எழுதிவிடுவதென்று இவ்வாண்டு துணிந்தேன்.

சென்ற அக்டோபர் விடுமுறையில் விடுதி நண்பர் சிலர் மேகமலைக்குச் சென்று மீண்டனர். "எங்கும் மூடுபனி, ஓர் இலையும் சிவக்கவில்லை, நம் நாட்டுக்கு அந்தப் பேறு இல்லை" என்பது அவர்கள் கொண்டுவந்த செய்தி. அவர்கள் சென்ற திங்களும் தவறு. ஏறிய உயரமும் தவறு. மலையை நோக்கிய நேரமும் தவறு. மூன்று தவறுகளையும் தாம் செய்துவிட்டு மரத்தைக் குறை கூறுதல் முறையாகுமா? நம் மலைக்கும் ஓர் இலையுதிர் காலம் உண்டு. அதற்கென ஒரு வானமும் ஓர் ஒளியும் உண்டு. அவற்றைக் கணித்துச் செல்வார்க்கே அது புலப்படும் என்பது என் கொள்கை.

முதலில் திங்களைப் பார்ப்போம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என நம் முன்னோர் வகுத்த அறுவகைப் பெரும்பொழுதில், இலையின் பெயரால் அமைந்தது ஒன்றேனும் உண்டோ? இல்லை. ஆங்கிலப் பருவப் பெயர் ஒன்றுக்கு நேராக 'இலையுதிர் காலம்' என்னும் தொடரை நம் பாடநூல்கள் ஆளுகின்றன. தொடர் நல்ல தொடரே. அதனோடு செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்னும் திங்கட்பெயர்களும் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் இடர். அத்திங்கள்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதிக்கும் உரியவை. அங்கே பகல் குறுகி இரவு குளிரும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகின்றது. அதுகாறும் மறைந்து கிடந்த மஞ்சள் நிறப்பொருள் வெளிப்படுகின்றது. சிவப்போ சில மரங்களில் அப்பருவத்திற் புதிதாகவே உண்டாகின்றது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் தொடர்ந்து அமைந்தால் அச்சிவப்பு மிகும். மேகமூட்டமும் வெப்பமான இரவும் அமைந்தால் மங்கும். பெருங்காற்று அடித்தால் காண்பதற்கு முன்பே எல்லாம் தரையிற் கிடக்கும். ஜப்பான் நாட்டார் செர்ரிப்பூ மலரும் நாளை முன்னறிவித்தல் போலவே இலை சிவக்கும் நாளையும் முன்னறிவிக்கின்றனர். பருவநிலையை அறியாமல் இலை காணப் புறப்படுவார் அங்கே அரியர்.

நம் பள்ளத்தாக்கின் கணக்கு வேறு. மேற்கே கேரள எல்லையை ஒட்டிய மலைத்தொடரும், கிழக்கிலும் தென்கிழக்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகளும் சுவர்களாய் நிற்க, நடுவே முல்லையாற்றுப் பாய்ச்சலிற் பச்சையாய்க் கிடப்பது இப்பள்ளத்தாக்கு. பெரியாற்று அணையின் நீர் 1895-ஆம் ஆண்டு முதல் இதன் வழியே வருகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, இப்பால் வெறுங்காற்றாகவும் சாரலாகவும் இறங்கும். மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிற் பெய்கின்றது. ஆகவே, ஏட்டு இலையுதிர் காலம் எதுவோ அதுவே எங்கள் ஊரில் இலை தழைக்கும் காலம். மரம் இலையைக் கழிப்பது குளிருக்கு அஞ்சியன்று, வறட்சிக்கு அஞ்சி. இலை என்பது நீர் ஆவியாய் வெளியேறும் வாயில். நிலத்தில் ஈரம் குறையுங்கால் மரம் அவ்வாயிலை அடைத்துவிடுகின்றது. தையிலே தொடங்கி, மாசியில் முதிர்ந்து, பங்குனியில் முடிவது இது. என் அப்பத்தா எந்தப் பாடநூலும் படியாதவர். திங்களை மட்டும் பிழையின்றிச் சொன்னார்.

இனி உயரம். மேகமலைக்குச் செல்வோர் சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாக வளைந்து வளைந்து மேலேறித் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே இறங்குகின்றனர். அங்குள்ள சோலைகள் என்றும் பசுமை மாறாதவை, தேயிலையும் அவ்வாறே. இலை உதிர்க்கும் காடு அடிவாரத்திலும் கீழ்ச்சரிவிலும் உள்ளது. அதாவது, பேருந்து ஏறிய மயக்கத்தில் நண்பர்கள் கண்மூடிக் கடந்தார்களே, அந்தப் பகுதி. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் வழியும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் வழியும், சுருளி அருவியைச் சூழ்ந்த சரிவுகளும் இத்தகையனவே. தேக்கின் அகன்ற இலை மஞ்சளாகிப் பழுப்பாகி ஓசையோடு விழும். வெக்காலி மரம் செம்பு நிறம் ஏறி நிற்கும். இலவு தன் இலையெல்லாம் கழித்து வெறுங்கொம்பில் செம்பூத் தாங்கும். ஊருக்குள்ளே வேம்பு ஒரு வாரத்தில் மஞ்சளாகிக் கொட்டிவிடும். வாசல் பெருக்கும் பெண்டிரைக் கேட்டால் அதன் நாள் கணக்கைச் சொல்வர். நம் விடுதி முற்றத்து நாட்டு வாதுமை, மேனாட்டு மரம் எதற்கும் தோலாத சிவப்பை உதிருமுன் காட்டுகின்றது. அதன் இலையைக் கூட்டிக் குவித்து எரிக்கும்போதுகூட நம்மவர் எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

இடையே ஒரு செய்தி. மேனாட்டில் திராட்சைத் தோட்டங்கள் அறுவடைக்குப்பின் சிவந்தும் பொன்னிறமாயும் விளங்கும் என்பர். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அக்கொடியின் இலை முதிர்ந்து நிறம் மாறி விழுவதை எங்கள் ஊரிற் காண்டல் அரிது. ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை காய்க்க வேண்டி உழவர் கவாத்துக் கத்தியால் அதன் காலத்தைத் தாமே முடித்துவிடுகின்றனர். பந்தலுக்குள் இலையுதிர் காலம் உழவன் சொற்படி வரும்; மலையில்தான் அது தன் விருப்பப்படி வருகின்றது.

நிறத்தைப் பற்றி இன்னும் ஒன்று கூறாவிடின் என் வழக்கு நிரம்பாது. மேனாட்டார் சிவப்பைச் சாகும் இலையிற் காண்கின்றனர். நம் காட்டில் சிவப்பின் பெரும்பங்கு பிறக்கும் இலைக்கே உரியது. மாசியில் மஞ்சளும் பழுப்புமாய் உதிர்ந்த கொம்புகளில், பங்குனியில், மழை ஒரு துளியும் வீழுமுன்னரே, தளிர் வெடிக்கின்றது. பூவமரத்தின் தளிர் குருதிச் சிவப்பு. அரசின் தளிர் செம்பும் இளஞ்சிவப்பும் கலந்தது. மாவின் தளிரோ யாவரும் அறிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் நாங்கு மரம் தலையெல்லாம் சிவந்து நிற்கும். வெயில் கடுமையாய் எரிக்கும் திங்களில் வேரடி ஈரத்தை நம்பித் தளிர்க்கும் இத்துணிவை என்னென்பது! இளந்தளிரின் சிவப்பு கடும் ஒளியினின்று அதனைக் காக்கின்றது என்றும், பூச்சிகளை விலக்குகின்றது என்றும் அறிஞர் பலவாறு கூறுவர். சில நாட்களில் அது பச்சையாகிவிடும். மாமை என்னும் மேனி நிறத்துக்கு மாந்தளிரை உவமை கூறுதல் நம் புலவர் மரபு. பருவத்தையும் நிறத்தையும் கண்ணாற் கண்டு எழுதியவர் அவர்; காணாது எழுதிப் பரிசு பெற்றவன் யான்.

இப்போது ஒளிக்கு வருவோம். என் நண்பரோடு யான் பெரிதும் மாறுபடுவது இங்கேதான். அவர்கள் நண்பகலில் மலையை நோக்கிவிட்டு நிறமில்லை என்றனர். பாஸ்டன் நகரில் அக்டோபர் 20-ஆம் நாள் நண்பகலிலும் ஞாயிறு அடிவானத்துக்குமேல் ஏறக்குறைய 37 பாகைக்கு மேல் உயர்வதில்லை. ஆதலின் அந்நாட்டில் இலை சிவக்கும் பருவத்திற் பகல் முழுதுமே சாய்ந்த வெயில்தான். எந்நேரம் சென்றாலும் மரம் ஒளிரும். கம்பமோ வட அட்சம் ஏறத்தாழ 9¾ பாகையில் உள்ளது. பங்குனியில் ஞாயிறு செங்குத்தாக மேலேறும். சித்திரைப் பிறப்பை ஒட்டி நண்பகலில் நேர் உச்சியிலேயே நிற்கும். நம் நிழல் நம் காலடியில் ஒடுங்கும். மார்ச்சு 21-ஐ ஒட்டிய நாட்களில், பாஸ்டன் நகரத்து நண்பகல் உயரத்தை நம் ஞாயிறு உதித்த இரண்டரை மணி நேரத்திற்குள் கடந்துவிடுகின்றது. அவ்விரண்டரை மணியிலும் ஒரு பகுதியைக் கிழக்கு மலை மறைத்துக்கொள்ளும். எஞ்சுவது காலை ஏழு முதல் ஒன்பது வரையில் உள்ள சிறு பொழுதே. பிறர்க்கு நாள் முழுதும் கிடைப்பது நமக்கு இரண்டு மணி நேரமே கிடைக்கின்றது. அதற்குள் எழுந்து செல்லாதவர் மலையைப் பழித்தல் தகாது.

உச்சி வெயிலில் நேர்வது யாது? இலையின் மேற்புறம் மெழுகு பூசினாற் போன்றது. மேலிருந்து விழும் கதிரின் ஒரு பகுதி உள்ளே புகாமல் அப்படியே திரும்பிக் கண்ணைக் கூசச் செய்கின்றது. திரும்பும் அவ்வெளிச்சத்துக்கு இலையின் நிறம் இல்லை. வானத்தின் வெண்மையே உண்டு. பாலைத் திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வகுத்து, பின்பனியும் அதற்குரித்து என்று தொல்காப்பியர் விதித்ததை வகுப்பிற் படித்தபோது மனப்பாடம் செய்தேனேயன்றி உணரவில்லை. பின்பனி என்பது மாசியும் பங்குனியும். ஒரு மாசி நண்பகலில் லோயர் கேம்ப் வழியில் உதிர்ந்த காட்டினிடையே நின்றபோது, நிறமெல்லாம் வெளுத்து நிழலும் அற்றுப்போன அந்நேரமே அத்திணைக்குரியது என்பது விளங்கிற்று.

காலையிலும் நிற்குமிடம் அறிந்து நிற்றல் வேண்டும். கம்பத்தில் நின்று மேற்கே கம்பம்மெட்டுச் சரிவை நோக்கினால் ஞாயிறு நம் முதுகுக்குப் பின்னே இருக்கும். சரிவு முழுதும் முகத்தில் வெயில் வாங்கி நிற்றலால் எம்மரம் உதிர்ந்தது, எம்மரம் தளிர்த்தது என்று எண்ணிவிடலாம். ஆயினும் நிறத்தில் உயிர் இராது. அவ்வேளையிற் சுருளிப் பக்கம் சென்று, கிழக்கு மலையின் அடியில் நின்று மேல்நோக்குக. ஞாயிறு மரத்துக்குப் பின்னால் இருக்கும். கதிர் இலையின் ஊடே நுழைந்து மறுபுறம் வருகின்றது. வரும் ஒளி முழுதும் இலையின் நிறத்தில் தோய்ந்தே வருகின்றது. பூவந்தளிர் ஒவ்வொன்றும் விளக்கேற்றினாற்போல விளங்கும். நூறு அடி நகர்ந்து அம்மரத்தையே மறுபுறமிருந்து நோக்கினால் சாதாரணச் செம்பழுப்பு மரமாய் நிற்கும். முதன்முறை அதனைக் கண்டபோது இரண்டும் வேறு வேறு மரம் என்றே யான் எண்ணினேன்.

தொலைவும் பகையாகும். இடையிலுள்ள காற்று நீலக் கதிரைச் சிதறடித்து மலையின்மேல் ஒரு நீலத்திரை இடுவதால், ஊரிலிருந்து காணும் மலை எப்பருவத்திலும் நீலமே. மாசிப் புழுதியும் சருகு எரிக்கும் புகையும் அத்திரையைத் தடிப்பாக்கும். ஆதலின் அடிவாரத்தை நெருங்கியே காணவேண்டும். கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாட் காலையோ எல்லாவற்றினும் சிறந்தது. காற்றின் புழுதி அடங்கும். இலையின் தூசு கழுவப்படும். நனைந்த இலையின் நுண்ணிய மேடுபள்ளங்களை நீர் நிரப்பிவிடுவதால் சிதறும் வெண்ணொளி குறைந்து நிறம் ஆழ்ந்து தோன்றும். மரப்பட்டையும் நனைந்து கறுத்துத் தளிரின் சிவப்பை எடுத்துக் காட்டும். சித்திரையிற் பிற்பகல்தோறும் மேற்கு மலைமேல் மேகம் திரள்வதால் அங்கேயும் காலையே தக்கது. மெல்லிய மேகம் மூடிய நாளை என் அறைத்தோழர் விரும்புகின்றார். கூச்சமும் கடுநிழலும் இன்றி எல்லா நிறமும் சமமாய்ப் புலப்படும் என்பது அவர் வாதம். தேக்கிலைப் பழுப்புக்கும் வேப்பிலை மஞ்சளுக்கும் அவர் கூற்று பொருந்தும், தளிருக்குப் பொருந்தாது. தளிருக்கு அதன் பின்னே ஞாயிறு வேண்டும்.

மாலை வேறு வகை. ஞாயிறு மேற்கு மலைக்குப் பின்னே விரைந்து மறைகின்றது. சமவெளியார் அந்தி என்று சொல்லும் நேரத்துக்கு வெகு முன்னரே பள்ளத்தாக்கில் நிழல் படர்ந்துவிடும். ஆனால் கீழ்த்திசை மேகமலைச் சரிவின் மேற்பாகம் மேலும் சிறிது நேரம் சிவந்த வெயிலில் நிற்கும். அப்போது எல்லா இலையும் சிவப்பாகவே தோன்றும். அது ஞாயிற்றின் கொடையேயன்றி இலையின் நிறமன்று என்பதை மறவற்க. அதன்பின் ஒரு வியப்பு உண்டு. வெளிச்சம் குறையுங்கால் மனிதக் கண் சிவப்பை முதலில் இழக்கின்றது. பச்சையும் நீலமும் பின்னும் சிறிது நேரம் தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் நாட்டு அறிஞர் பூர்க்கின்யே இதனை ஆராய்ந்து எழுதினார். பகலிற் செந்தீயாய் நின்ற பூவமரம், அருகிலுள்ள புளியமரம் இன்னும் பச்சையாய்த் தெரிகையிலேயே கறுத்துவிடுவதை எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

இத்துணையும் வனப்பைப் பற்றிப் பேசினேன். வானம் தெளிந்து, சருகு காய்ந்து, இலை காண்பதற்கு எல்லாம் வாய்ப்பாக அமைந்த அத்திங்கள்தான் காடு எரியும் திங்களும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், மலையேறச் சென்ற குழுவினர் காட்டுத்தீயிற் சிக்கி இருபதின்மருக்கு மேல் உயிர் இழந்தனர். அவருட் பெரும்பாலோர் இளைஞர். நம்மினும் சில ஆண்டுகளே மூத்தவர். அப்போது யான் சிறுவன். அதன்பின் பலநாள் எங்கள் ஊரில் எவரும் மலையை அண்ணாந்து பார்த்து அழகென்று சொல்லவில்லை. காலடியில் 'சரசர' என்று ஒலித்த சருகைப் பற்றி யான் கட்டுரையில் உருகி எழுதியதை நினைத்தால் இன்றும் நாணம் வருகின்றது. அது நடந்து மகிழ்வதற்குரிய கம்பளம் என்று எழுதினேனே!

ஆதலின், மாசியிற் காட்டுக்குள் புகுக என்று யான் கூறுவேனல்லேன். தீக்காலத்தில் மலையேற்றத்தை வனத்துறையினர் தடைசெய்தல் நியாயமே. அத்தடையைக் கடந்து உள்ளே செல்லும் வழி சொல்லித்தருவாரை நம்பற்க. யான் மேலே கூறிய இடங்களுள் ஒன்றேனும் காட்டின் உள்ளே இல்லை. குமுளி வழியும் கம்பம்மெட்டு வழியும் பேருந்து செல்லும் சாலைகள். சுருளிக்கும் சாலை உண்டு. சாலையோரத்தில் நின்று காண்பதற்கு மேற்பட்டு இலைக்குள் மறைந்திருப்பது ஒன்றுமில்லை.

நம் கல்லூரியின் தமிழ்க் கழகத்தார் ஆண்டுதோறும் அக்டோபரில் மலைச் சுற்றுலா நடத்துகின்றனர். அதனை மார்ச்சுத் திங்களுக்கு மாற்றவேண்டும் என்பது என் விண்ணப்பம். தேர்வு நெருங்குகின்றது என்று ஆசிரியர் கூறுவர். ஒரு சனிக்கிழமை போதும். வைகறையிற் புறப்பட்டால் பிற்பகலில் விடுதிக்குத் திரும்பிவிடலாம். 'கைப்பேசியிற் படம் பார்த்தால் ஆகாதோ?' என்பாரும் உளர். அக்கருவி தன் விருப்பம்போல் நிறத்தைக் கூட்டிக் காட்டுகின்றது. ஒளிக்கு எதிரே பிடித்தால் மரத்தைக் கறுப்பாக்கிவிட்டு வானத்தை மட்டும் எடுக்கின்றது. யான் ஓரிரு முறை முயன்று விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு, குருத்தோலை ஞாயிறை அடுத்த திங்கட்கிழமை, என் அப்பத்தாவை முதற் பேருந்தில் சுருளிக்கு அழைத்துச் சென்றேன். முன்னிரவில் தூறல் விழுந்திருந்தது. ஏழரை மணிக்கு ஞாயிறு மலைமுகட்டைக் கடந்து பூவமரத்துக்குப் பின்னே வந்தது. யான் அப்பத்தாவின் தோளைப் பற்றி அவரை அம்மரத்தின் நிழல் விழும் பக்கமாகத் திருப்பி நிறுத்தினேன். அவர் கையைப் புருவத்தின்மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இத எழுதியிருந்தா பரிசு குடுத்திருப்பாகளா?" என்று கேட்டார்.